கல்விப்புலப் புறக்கணிப்பு: தென்னாப்பிரிக்கப் பட்டறிவை முன்வைத்து ஒரு நோக்கு

ஒரு நாட்டின் அரசு அறத்திற்கு மாறாக நடக்கும்பொழுது, அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களோடு பிற நாட்டார் தொடர்பை அறுத்துக்கொள்ளுதல் முறையாகுமா என்னும் வினா கல்வியாளரிடையே நெடுங்காலமாக நிலவி வருகின்றது. கருத்தரங்கிற்கு அழையாமை, ஆய்விதழில் கட்டுரை ஏலாமை, பணியேற்கச் செல்லாமை, நூல்களை அனுப்பாமை முதலான செயல்கள் யாவும் கல்விப்புலப் புறக்கணிப்பு என்னும் ஒரே பெயரால் சுட்டப்படுகின்றன. இவற்றை ஒரே தராசில் வைத்து நிறுத்தல் பொருந்தாது என்பது நம் கருத்தாகும். தென்னாப்பிரிக்கப் புறக்கணிப்பு நீண்ட காலம் நடந்து முடிவுற்ற ஒன்றாதலின், அதனை முன்வைத்து இக்கருத்தை ஆராய முற்படுகின்றோம்.

தென்னாப்பிரிக்க அரசு 1959ஆம் ஆண்டில் பல்கலைக்கழகக் கல்வி விரிவாக்கச் சட்டத்தை இயற்றியது. பெயர்தான் விரிவாக்கம், செய்ததோ சுருக்கம். அமைச்சரின் இசைவின்றிக் கறுப்பின மாணவர் வெள்ளையர் பல்கலைக்கழகங்களில் சேர இயலாதாயிற்று. ஒவ்வோர் இனத்தார்க்கும் தனித்தனிக் கல்லூரிகள் தோற்றுவிக்கப்பட்டன. இந்தியர்க்கெனத் தர்பன் துறைமுகத்தை அடுத்த சாலிஸ்பரித் தீவில் ஒரு கல்லூரி அமைக்கப்பட்டது. அதுவே பின்னர்த் தர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழரின் வழித்தோன்றல்கள் பலர் அங்குப் பயின்றனர். அதன் இந்திய மொழிகள் துறையில் தமிழும் கற்பிக்கப்பட்டது. இச்செய்தியை நாம் பின்னர் மீண்டும் நினைவுகூர வேண்டியிருக்கும்.

ஜேக் சைமன்ஸ், எடி ரூ என்னும் இரு பேராசிரியர்களைக் கற்பிக்கவொட்டாது அரசு தடைசெய்ததை எதிர்த்து, 1965இல் 34 பிரித்தானியப் பல்கலைக்கழகங்களைச் சார்ந்த 496 கல்வியாளர் ஓர் அறிக்கையில் கையொப்பமிட்டனர். இனவேறுபாட்டைக் கடைப்பிடிக்கும் தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகங்களில் தாம் பணிக்கு விண்ணப்பிப்பதில்லை, பணியேற்பதுமில்லை என்பதே அவர்கள் மேற்கொண்ட உறுதிமொழி. அவர்கள் கட்டுப்படுத்தியது தம்மையே என்பது ஈண்டுக் கருதத்தக்கது. எவர் எழுதிய கட்டுரையையும் அவர்கள் மறுக்கவில்லை. எவர்க்கும் கதவை அடைக்கவுமில்லை.

பல்கலைக்கழகங்கள் அரசின் பிழைக்கு எவ்வாறு பொறுப்பாகும் எனச் சிலர் வினவுவர். 1968ஆம் ஆண்டு நிகழ்வொன்று இதற்கு விடை தரும். கேப்டவுன் பல்கலைக்கழகம் 1959ஆம் ஆண்டுச் சட்டத்தை வெளிப்படையாக எதிர்த்த நிறுவனமாகும். அது ஆர்ச்சி மஃபேஜே என்னும் கறுப்பின அறிஞரைச் சமூக மானுடவியல் முதுநிலை விரிவுரையாளராகத் தேர்ந்தெடுத்தது. அரசு நெருக்கியது, பல்கலைக்கழக மன்றம் பணிந்து அப்பணியமர்த்தத்தைத் திரும்பப் பெற்றது. வெள்ளையர் பல்கலைக்கழகம் கறுப்பின விரிவுரையாளரை அமர்த்தலாகாது என்னும் சட்டம் அந்நாளில் இல்லை. அத்தகைய சட்டம் கொண்டுவரப்படும் என்னும் அச்சுறுத்தலே போதுமானதாயிருந்தது. சுமார் 600 மாணவர் நிருவாகக் கட்டடத்தில் ஒன்பது நாள் அமர்ந்து போராடியும் முடிவு மாறவில்லை. சட்டம் வருமுன்னரே அதற்குக் கீழ்ப்படிந்த நிறுவனத்தை, அரசின் பிழையிற் பங்கற்றது எனக் கூறுதல் எங்ஙனம்?

ஆயின், காலப்போக்கில் புறக்கணிப்பின் இயல்பு மாறிற்று. 1980 திசம்பரில் ஐ.நா. பொதுப்பேரவை, தென்னாப்பிரிக்காவுடனான எல்லாப் பண்பாட்டு, கல்வி, விளையாட்டுத் தொடர்புகளையும் நிறுத்துமாறு உறுப்பு நாடுகளைக் கேட்டுக்கொண்டது. 1986இல் சவுத்தாம்டனில் நடைபெறவிருந்த உலகத் தொல்லியல் மாநாட்டிற்கு வர இசைந்திருந்த தென்னாப்பிரிக்க, நமீபிய அறிஞர்கள் விலக்கப்பட்டனர். அவர்களுள் இனவொதுக்கலை எதிர்த்தோரும் இருந்தனர். மாநாட்டுச் செயலாளர் பீட்டர் உக்கோவின் இம்முடிவை ஏலாது பன்னாட்டுத் தொல்லியல் ஒன்றியம் தன் ஏற்பினை விலக்கிக்கொண்டது. பலர் மாநாட்டிற்கு வர மறுத்தனர். மாநாடு நடந்தது, உலகின் தொல்குடியினர் தம் முன்னோரின் எலும்புகளைப் பற்றித் தாமே பேசும் அவையாகவும் அது அமைந்தது. விலக்கப்பட்டோர்க்கு இழைக்கப்பட்டது அநீதி என்பதையும், விலக்காதிருந்தால் வேறு பலர் வந்திருக்கமாட்டார் என்பதையும் ஒருங்கே ஏற்க வேண்டியுள்ளது.

இனித் தர்பனுக்குத் திரும்புவோம். இந்தியா 1946இலேயே தென்னாப்பிரிக்காவுடன் வாணிகத் தொடர்பை நிறுத்திய நாடு. அதன் கடவுச்சீட்டும் நெடுங்காலம் அந்நாட்டிற்குச் செல்லத்தக்கதாக இருக்கவில்லை. எனவே, தமிழகத்திலிருந்து ஒரு தமிழறிஞர் தர்பன் சென்று கற்பித்தல் எளிதில் இயலாததாயிற்று. இனவொதுக்கலால் தனிக் கல்லூரிக்குள் ஒதுக்கப்பட்டவரே புறக்கணிப்பாலும் ஒதுக்கப்பட்டனர். 1965ஆம் ஆண்டு அறிக்கையினர் போலத் தம்மை மட்டும் கட்டுப்படுத்தும் முறையிலும் இவ்விழப்பு ஓரளவு உண்டு என்பதை நாம் மறைப்பதற்கில்லை. எனினும், ஒருவர் தம் மனச்சான்றின்படி செல்லாதிருத்தல் வேறு; செல்ல விழைவாரையும் வர விழைவாரையும் தடுத்தல் வேறு.

போராடியோரும் இதனை உணர்ந்தனர். ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரசின் தலைவர் ஒலிவர் தம்போ 1987இல் இலண்டனில் ஆற்றிய உரையில், புறக்கணிப்பு முற்றானதாக இருத்தல் கூடாது. மக்கள் போராட்டத்தோடு இசைந்து நிற்கும் பணிகட்கு வழிவிட வேண்டும் என்னும் பொருள்படப் பேசினார். பின்னாளில் ஹரிகோம்ப், லங்காஸ்டர் ஆகிய இரு நூலகவியல் அறிஞர் தென்னாப்பிரிக்க ஆய்வாளரிடம் வினவி 1995இல் நூலொன்று வெளியிட்டனர். புறக்கணிப்பு ஆய்வுக்குத் தடையாக இருந்ததைக் காட்டிலும் தொல்லையாகவே இருந்தது என்பது அவர்தம் முடிவு. நூல்கள் சுற்றுவழியில் வந்து சேர்ந்தன.

கதவடைக்கும் முறையின் குறை வேறிடங்களில் இன்னும் தெளிவாகப் புலப்படும். 1914ஆம் ஆண்டுப் போரின்பொழுது செருமானிய அறிஞர் 93 பேர் தம் படையின் செயல்களுக்குச் சார்பாக அறிக்கை விடுத்தனர். கணிதவியலார் டேவிட் ஹில்பர்ட் அதில் கையொப்பமிட மறுத்தார். ஆயினும் 1920, 1924ஆம் ஆண்டுகளின் கணித மாநாடுகள் செருமானியர் அனைவரையும் விலக்கியபொழுது, மறுத்தவர்க்கும் இடமில்லாது போயிற்று. 2002இல் மான்செஸ்டரிலிருந்து வெளிவந்த இரு மொழிபெயர்ப்பியல் இதழ்களின் அறிவுரைக் குழுக்களினின்று இசுரேலிய அறிஞர் இருவர் நீக்கப்பட்டனர். நீக்கம் நிறுவனத்தைச் சார்ந்ததே, தனிமனிதரைச் சார்ந்ததன்று என இதழாசிரியர் விளக்கினார். ஆனால் நீக்கப்பட்டோருள் ஒருவர் அந்நாட்டின் பன்னாட்டு மன்னிப்பு அவைக்குத் தலைமை தாங்கியவர். நிறுவனத்தைக் குறிவைத்த அம்பு தனிமனிதர் மேல் தைத்தது என்பதே உண்மை.

ஆதலின், தென்னாப்பிரிக்கப் புறக்கணிப்பு ஒடுக்கப்பட்டோரின் வேண்டுகோளை ஏற்று எழுந்தமையாலும், பல்கலைக்கழகங்களே ஒதுக்கலுக்குக் கருவியானமையாலும் நியாயமுடையதே எனக் கொள்கின்றோம். ஆனால் அந்நியாயம் 496 பேரின் உறுதிமொழிக்கு முழுமையாகவும், சவுத்தாம்டன் வாயிலில் நிகழ்ந்ததற்கு அரைகுறையாகவுமே பொருந்தும்.

அவ்வுலகத் தொல்லியல் மாநாடு 1999இல் கேப்டவுனில் கூடியது. மஃபேஜே 2007இல் மறைந்தார். அவருக்கு இழைத்த பிழைக்காகக் கேப்டவுன் பல்கலைக்கழகம் 2008இல் அவர்தம் குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கோரியது.