நாளுக்கு ஒரு மில்லிமீட்டர்

கையில் அறுந்த நரம்பைத் தைத்து இரண்டு மாதமாகியும் பிள்ளையின் விரல் அசையவில்லை என்றால், ஆபரேஷன் தோற்றுவிட்டதாக வீட்டார் முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் இது அவசர முடிவு. மருத்துவர் தைப்பது நரம்பின் உறையைத்தான். உள்ளேயுள்ள இழைகளில் வெட்டுக்குக் கீழே இருந்தவை அழிந்துபோகும். மேலிருந்து புதியவை வளர்ந்து இறங்க வேண்டும். அந்த வளர்ச்சி நாளுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். முழங்கையருகே காயம், அங்கிருந்து உள்ளங்கைத் தசைக்கு 20 சென்டிமீட்டர் என்றால், கணக்கு 200 நாளைத் தொடுகிறது. குழந்தைகளுக்குப் பெரியவர்களைவிட நன்றாகவே தேறும் என்பது உண்மை. ஆனால் இரண்டு மாதத்தில் அல்ல.

அதுவரை சும்மா இருப்பதா என்றால், கூடாது. நரம்பு வந்து சேருமுன் மூட்டு இறுகிவிட்டால் வந்தும் பயனில்லை. தினமும் விரல்களை மடக்கி நீட்டிவிட வேண்டும். சூடான பாத்திரத்திலிருந்தும் கையைக் காக்க வேண்டும். உணர்ச்சியற்ற கை தன்னையறியாமலே புண்ணாகும் என்பதை, 1946இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளிடம் கண்டு விளக்கினார். ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலைசெய்துகொண்டு பிள்ளையைச் சிகிச்சைக்கு அழைத்துவரும் ஒரு தாய்க்கு ஒவ்வொரு வேலூர்ப் பயணமும் ஒருநாள் சம்பள இழப்பு. அவரிடம் பொறுமையை உபதேசிப்பது சுலபம் என்று யாரேனும் சொன்னால், மறுக்க முடியாது. பயிற்சியை வீட்டிலேயே செய்யக் கற்றுக்கொடுப்பதுதான் அதற்குப் பதில். ஆனாலும் பரிசோதனைத் தேதிகளைத் தள்ளிப்போடக் கூடாது. நரம்பு எட்டாத தசை ஒன்றரை ஆண்டுவாக்கில் மீட்க முடியாதபடி நலிந்துவிடலாம். அப்போதும் வழி அடைந்துவிடுவதில்லை. நன்றாக இயங்கும் வேறொரு தசையின் நாணை மாற்றிப் பொருத்தலாம். தொழுநோயில் மடங்கிய விரல்களைப் பிராண்ட் நிமிர்த்தியது அப்படித்தான்.