பட்டாவில் யார் பெயர்?

சம்பா நடவு நடக்கும் எந்த வயலையும் பாருங்கள். குனிந்த முதுகோடு வரிசை கட்டி நிற்பவர்கள் நம் தெருப் பெண்கள். களை எடுப்பதும் அவர்கள்தான். ஆனால் அந்த வயலின் பட்டாவில் அவர்களில் ஒருத்தியின் பெயராவது இருக்கிறதா?

இந்தக் கேள்வியை நம் டெல்டாவில் எழுப்பி, பதிலைப் பத்திரமாகவே வாங்கிக் கொடுத்தவர் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன். இன்றைய திண்டுக்கல் மாவட்டத்தில் நிலமற்ற தலித் குடும்பத்தில் 1926-ல் பிறந்து, கல்லூரிவரை படித்தவர். கணவர் ஜெகந்நாதனோடு வினோபாவின் பூமிதான இயக்கத்தில் ஊர் ஊராக நடந்தவர்.

அவரை இங்கே அழைத்து வந்தது கீழ்வெண்மணி. செங்கொடியின் கீழ் திரண்டு, கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டார்கள் நம் மக்கள். 1968 டிசம்பர் 25 இரவு, ஒரு குடிசைக்குள் ஒதுங்கியிருந்த 44 பேர் தீயில் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். குற்றம் சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்களை 1973-ல் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது.

கூலியைக் கூட்டிக் கேட்டதற்கே இந்த நிலை. அப்படியானால் கூலிக்குக் கைநீட்ட வேண்டிய நிலையே மாற வேண்டாமா? கிருஷ்ணம்மாளின் வேலை இந்த இடத்தில்தான் தொடங்கியது. 1981-ல் கணவரோடு சேர்ந்து ‘உழுபவனின் நில உரிமை இயக்கம்’ என்ற லாஃப்டியைத் தொடங்கினார். நிலத்தை விற்க முன்வந்த மிராசுதார்களிடம் நியாயமான விலை பேசுவது, வங்கிக் கடனுக்கு அலைவது, பத்திரப் பதிவுச் செலவைக் குறைக்க அரசிடம் மன்றாடுவது என்று வேலை நடந்தது. இப்படி ஏறத்தாழ 13,000 குடும்பங்களுக்குக் குடும்பத்துக்கு ஓர் ஏக்கர் அளவில் நிலம் கிடைத்தது.

இதில் நாம் மறக்கக் கூடாத செய்தி ஒன்று உண்டு. நிலம் பதிவானது பெண்களின் பெயரில். ஆண் பெயரில் உள்ள நிலம் குடிக்கோ கடனுக்கோ கைமாறினால், வீட்டுக்காரிக்குத் தெரிவது கடைசியில்தான். அவள் பெயரில் இருந்தால், அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு குழியைக்கூட விற்க முடியாது.

வாங்கிய நிலத்தைக் காப்பாற்றுவதும் போராட்டமாகவே இருந்தது. 1990-களில் கடலோர வயல்களை இறால் பண்ணைகள் விழுங்கின. உப்பு ஏறியது, குடிநீர் கெட்டது, நடவு வேலை போனது. பெண்கள் மறியலில் இறங்கினார்கள். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் உள்ள இறால் பண்ணைகளை அகற்ற உத்தரவிட்டது. ஆனால் 2005-ல் வந்த மத்தியச் சட்டம், உரிமத்தோடு பண்ணை நடத்த வழிவிட்டது. தீர்ப்பு வந்துவிட்டது என்று நாம் ஓய்ந்துவிட முடியாது என்பதற்கு இதுவே சாட்சி.

கிருஷ்ணம்மாளுக்கு 2020-ல் பத்மபூஷண் விருது அறிவிக்கப்பட்டது. நாம் அவருக்குச் செய்யும் மரியாதை வேறு. நிலமற்ற ஆதிதிராவிடர், பழங்குடிப் பெண் விவசாயத் தொழிலாளர்கள் நிலம் வாங்க, தாட்கோ மூலம் ‘நன்னிலம் மகளிர் நில உடைமைத் திட்டம்’ 2023-ல் வந்தது. நில மதிப்பில் பாதி, அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய் மானியம். மாவட்டத் தாட்கோ அலுவலகத்தில் விசாரியுங்கள். நம் பெண்களில் பலருக்கு இப்படியொரு திட்டம் இருப்பதே தெரியாது.

படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேலை. இன்று மாலை அம்மாவிடம் இதை வாசித்துக் காட்டுங்கள். வீட்டில் மனைப் பட்டா இருந்தால், அதில் யார் பெயர் இருக்கிறது என்றும் பாருங்கள்.