மாத்திரையும் உப்பும்

யானைக்கால் நோயை ஒழிக்க 2004 முதல், நோய் பரவிய மாவட்டங்களில் மக்களுக்கு மாத்திரை வழங்கப்படுகிறது. கைக்கு வருகிறது, வாய்க்குப் போவதில்லை! “நலமாயிருக்கும் எனக்கு மருந்து எதற்கு?” என்கின்றனர். குருதியில் கிருமி இருந்தும் நோய்க்குறி தோன்றாதவர் பலர் என்பதை அவர் எண்ணுவதில்லை.

இதை அறியாமை என்று தள்ளிவிடலாகாது. 1950களில் அமெரிக்காவில் காசநோய் எக்ஸ்ரே பற்றி ஆராய்ந்த ஹாக்பாம் என்பார், ‘எனக்கும் வரக்கூடும், முன்னரே கண்டால் நன்மை’ என்று நம்பியவரே பெரிதும் படமெடுக்க வந்தனர் எனக் கண்டார்.

நம் நிக்கோபாரின் நான்கௌரித் தீவுகளில் இந்நோய்க் கொசு பகலில் கடிப்பது. இரவுக் கொசுவலை என்ன செய்யும்? எனவே ஆராய்ச்சியாளர், மாத்திரைத் திட்டத்தோடு கூடவே, டி.இ.சி. மருந்தை உப்பிலும் கலந்து வழங்கினர். கிருமியுடையோர் வெகுவாகக் குறைந்தனர். மாத்திரையை மறப்பவருண்டு, உப்பை மறப்பவர் யார்? ஆனால், வீட்டார் வேறு உப்பை வாங்கிவிட்டால் போயிற்று. அங்கே மறுபடியும் ஹாக்பாமின் கேள்விதான்.