கேப்டன் ஆவதற்கு ஒரு பரீட்சை

1832 ஏப்ரலில் இல்லினாய் மாநிலத்தின் ஒரு வெட்டவெளியில் ஊர்ப் படைக் கம்பெனி ஒன்றின் கேப்டன் பதவிக்கு ஆள் எடுத்தார்கள். போட்டியிட்ட இருவரும் தள்ளித் தள்ளி நின்றார்கள். யாரைப் பிடிக்கிறதோ அவருக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும். விதி அவ்வளவுதான். ஒருவர் மரம் அறுக்கும் ஆலை வைத்திருந்தவர். இன்னொருவர் நியூ சேலம் என்ற சிற்றூரில் கடையில் வேலை பார்த்தவர். வயது 23, உயரம் ஆறடி நான்கங்குலம். நெட்டையருக்குப் பின்னால் வரிசை நீண்டது. ஆபிரகாம் லிங்கன் கேப்டன் ஆனார். 1859-இல் தன்னைப் பற்றி ஒரு சுருக்கமான குறிப்பு எழுதியபோது, அதற்குப் பின் கிடைத்த எந்த வெற்றியும் அந்த அளவுக்கு மகிழ்ச்சி தரவில்லை என்று அவர் சொன்னார். அதற்குள் மாநிலச் சட்டமன்றத்துக்கும் வாஷிங்டன் காங்கிரஸுக்கும் போய் வந்திருந்தவர் அவர்.

புதிய கேப்டனுக்குக் கவாத்து தெரியாது. ஒருநாள் கம்பெனியை அகல வரிசையாக நடத்திக்கொண்டு போகும்போது எதிரே வேலியும் ஒரு குறுகிய வாசலும் வந்துவிட்டன. வரிசையை நீளவாக்கில் திருப்பி உள்ளே விட ஒரு கட்டளைச் சொல் உண்டு. அது அவருக்கு நினைவுக்கு வரவில்லை. இரண்டு நிமிடம் கம்பெனி கலையலாம், பிறகு வாசலுக்கு அந்தப் பக்கம் அணிவகுக்க வேண்டும் என்று உத்தரவிட்டாராம். பின்னாளில் லிங்கனே சிரித்துக்கொண்டு சொன்ன கதை இது. சமயோசிதத்துக்கு முழு மதிப்பெண் போடலாம். ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் துப்பாக்கிகள் காத்திருந்தால் இரண்டு நிமிடம் யார் கொடுப்பார்?

முழுநேரச் சிப்பாய் அல்லாத ஒருவர் அதிகாரி ஆவதற்கும், அதற்கு மேல் ஒரு படி ஏறுவதற்கும் அமெரிக்காவில் இருந்துவந்த விதிகளைப் படிக்கும்போதெல்லாம் அந்த வாசல்தான் என் கண்முன் வருகிறது. அங்கே பகுதிநேரப் படை மாநிலங்களின் சொத்தாகத்தான் தொடங்கியது. அதன் அதிகாரிகளை நியமிக்கும் உரிமையை அரசியல் சாசனம் மாநிலங்களுக்கே விட்டுவைத்தது. 1792-இன் சட்டப்படி 18 வயது முதல் 45 வரையுள்ள, உடல் வலுவுள்ள வெள்ளை ஆண்கள் அனைவரும் அதில் சேர வேண்டியவர்கள். ஊரார் சேர்ந்த படைக்கு ஊராரே தலைவரைத் தேர்ந்தெடுப்பது பல இடங்களில் வழக்கமாக இருந்தது. தன் கடனை அடைத்தவர், தன் குதிரைக்கு லாடம் அடித்தவர், பஞ்சாயத்தில் நியாயமாகப் பேசியவர் என்று ஆளை முன்பே அறிந்துதான் வாக்களித்தார்கள். அந்த அறிமுகத்தை எந்தப் பரீட்சையும் தராது. கூடவே, வாக்குக் கேட்டு வந்தவன் வாக்குப் போட்டவனை எப்படி அதட்டுவான் என்ற கேள்வியும் இருந்தது. லிங்கனின் ஆட்கள் அதிகாரிகளின் சாராயத்தைத் திருடிக் குடித்துவிட்டு மறுநாள் நடக்க முடியாமல் கிடந்தார்கள். தண்டனையாக இரண்டு நாள் மர வாளைக் கட்டிக்கொண்டு திரிந்தவர் கேப்டன்.

பரீட்சை வந்தது உள்நாட்டுப் போரோடு. 1861 ஜூலையில் ஐந்து லட்சம் தன்னார்வலர்களைத் திரட்ட இயற்றிய சட்டத்திலேயே, எந்தத் தன்னார்வப் படை அதிகாரியின் தகுதியையும் ஒரு குழு சோதிக்கலாம் என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். குழுவின் முன் போய் நிற்பதைவிட ராஜினாமா கௌரவம் என்று வீட்டுக்குப் போனவர்கள் பலர். 1863-இல் கறுப்பினச் சிப்பாய்களின் ரெஜிமெண்ட்டுகளுக்கு அதிகாரி எடுக்க வாஷிங்டனில் அமர்ந்த குழு இன்னும் கறாரானது. தலைவர் ஜெனரல் சைலஸ் கேசி. காலாட்படைக் கவாத்துக்குப் பாடநூல் எழுதியவரும் அவரே. நூலாசிரியரே கேள்வி கேட்டால் மாணவன் கதி என்ன என்று நமக்குத் தெரியும். கவாத்தோடு கணக்கு, வரலாறு, புவியியல் எல்லாம் கேட்டார்கள். தோற்றவர்கள் அதிகமாகவே, இந்தப் பரீட்சைக்குத் தயார் செய்ய ஃபிலடெல்ஃபியாவில் ஓர் இலவசப் பள்ளியையே திறந்தார்கள். கோச்சிங் சென்டர் நம் காலத்துக் கண்டுபிடிப்பு என்று நினைத்திருந்தேன்.

அந்நாளின் மிக நேர்மையான பரீட்சை அது என்று வரலாற்றில் பேர். ஆனால் அதை எழுதியவர்களில் ஏறக்குறைய எல்லோரும் வெள்ளையர்கள். கறுப்பினத்தவர் சிப்பாயாகலாம், அவரை நடத்திச் செல்ல வேண்டியவர் யார் என்பதைத்தான் அந்த மேசை தீர்மானித்தது. வினாத்தாள் நியாயமாக இருந்தால் போதாது, வாசலில் யாரை உள்ளே விடுகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

போர் முடிந்ததும் பழைய பழக்கம் திரும்பிவிட்டது. வாராந்தரக் கவாத்து, ஆண்டுக்கொரு முகாம், பல மாநிலங்களில் மறுபடியும் தேர்தல். 1903-இல் சார்லஸ் டிக் என்ற ஒஹையோ காங்கிரஸ் உறுப்பினரின் பெயரால் அறியப்படும் சட்டம் வந்தது. ஆண்டுக்கு 24 கவாத்து, ஐந்து நாள் முகாம் என்று கணக்கு வைத்தது. 1916 ஜூன் 3-ஆம் தேதிச் சட்டம் கவாத்தை இரட்டித்து 48 என்றும், முகாமை மும்மடங்காக்கி 15 நாள் பயிற்சி என்றும் ஆக்கியது. பரீட்சை விதியும் அதில்தான் இருக்கிறது. மாநிலம் யாரை வேண்டுமானாலும் அதிகாரியாக நியமிக்கட்டும். ஆனால் உடல், ஒழுக்கம், தொழில் அறிவு ஆகிய மூன்றிலும் சோதிக்கப்பட்டுத் தேறினால்தான் மத்திய அரசு அவரை அங்கீகரிக்கும். சோதிப்பவர்கள் போர் அமைச்சர் நியமிக்கும் மூன்று அதிகாரிகள். அங்கீகாரம் இல்லையென்றால் மத்திய அரசின் சம்பளம் இல்லை. சாசனம் மாநிலத்துக்குக் கொடுத்த உரிமையில் கை வைக்காமல், அந்த உரிமையின் பணப்பையை மட்டும் வாஷிங்டன் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. சட்டம் எழுதியவர்களின் சாமர்த்தியத்தை மெச்சத்தான் வேண்டும்.

பழையதும் புதியதும் ஒரே மனிதருக்கு நேர்ந்ததைப் பார்க்க வேண்டுமானால் ஹாரி ட்ரூமனிடம் போக வேண்டும். மிசூரியின் கிராண்ட்வியூவில் குடும்பப் பண்ணையைப் பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டவர். 1905-இல் தேசியக் காவல்படை என்று பேர் பெற்றிருந்த அந்தப் பகுதிநேரப் படையின் பீரங்கிப் பிரிவில் சேர்ந்தபோது, மங்கலான பார்வையை மறைக்கக் கண் பரிசோதனை அட்டையை மனப்பாடம் செய்துகொண்டு போனதாகச் சொல்வார்கள். பரீட்சை என்று ஒன்று வந்துவிட்டால் மனப்பாடமும் கூடவே வந்துவிடும். 1917-இல், 33 வயதில், மறுபடி படைக்குத் திரும்பினார். சார்ஜண்ட் பதவி கிடைத்தால் போதும் என்று நினைத்திருந்தவரை, கூட இருந்தவர்கள் முதல்நிலை லெப்டினன்டாகத் தேர்ந்தெடுத்தார்கள். சட்டம் மாறி ஓராண்டு ஆகியும் வாக்கு இன்னும் உயிரோடு இருந்தது.

கேப்டன் பதவிக்கு வாக்கு உதவவில்லை. 1918-இன் தொடக்கத்தில் ஒக்லஹோமாவின் டானிஃபன் முகாமில் அவர் மேசைக்கு முன் நிற்க வேண்டியிருந்தது. வெளியே கடுங்குளிரில் நெடுநேரம் காக்க வைத்தார்கள். உள்ளே கேள்வி கேட்டவர் கண்டிப்புக்குப் பேர்போன ஜெனரல் பெர்ரி. தேறினாரா இல்லையா என்று யாரும் சொல்லவில்லை. பிரான்ஸுக்குக் கப்பலேறிப் போன பிறகு, செய்தித்தாளில் தன் பெயரைப் பார்த்துத்தான் தான் கேப்டன் என்று ட்ரூமன் தெரிந்துகொண்டார்.

அந்த ஜூலையில் அவரிடம் ‘டி’ பேட்டரி என்ற பீரங்கிப் பிரிவை ஒப்படைத்தார்கள். முந்தைய கேப்டன்கள் யாருக்கும் அடங்காத முரட்டுக் கன்சாஸ் சிட்டிப் பையன்கள். அவர்கள் ட்ரூமனைத் தேர்ந்தெடுக்கவில்லை. மூக்குக் கண்ணாடிக்காரரைப் பார்த்து முதல்நாள் கேலிதான் செய்தார்கள். 1949 ஜனவரியில் அவர் அதிபராகப் பதவியேற்று ஊர்வலமாக வந்தபோது, காருக்கு இரு புறமும் நடந்து வந்தவர்கள் அதே ‘டி’ பேட்டரிக்காரர்கள். முப்பது ஆண்டுக்கு முந்தைய அந்தக் குழு அன்று போட்ட மதிப்பெண் தப்பில்லை என்றுதான் தோன்றுகிறது.

இனி இன்றைய கதை. 48 என்ற எண் நூறாண்டைத் தாண்டியும் மாறவில்லை. 1916-இல் ஒரு கவாத்து என்றால் குறைந்தது ஒன்றரை மணி நேரம். வேலை முடிந்த மாலையில் ஊர்ப் படைக்கூடத்துக்குப் போய்விட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். ஆண்டுக்கு 72 மணி நேரம். இன்று ஒரு கவாத்து நான்கு மணி நேரம். ஒரு சனி, ஞாயிறில் நான்கு கவாத்து கழியும். மாதம் ஒரு வாரக்கடைசி என்று 192 மணி நேரம். 15 நாள் பயிற்சியும் அப்படியே இருக்கிறது. காகிதத்தில் அதே படை, கடிகாரத்தில் வேறு படை.

இது பதவி உயர்வுக்கான படிப்பைச் சேர்க்காத கணக்கு. லெப்டினன்டிலிருந்து கேப்டன் ஆக, 1995 முதல் இளநிலைப் பட்டம் கட்டாயம். ஓராண்டுக்கும் குறைவாகவே மொத்தமாகப் பள்ளிக்குப் போயிருந்த லிங்கனும், கல்லூரிப் பட்டம் இல்லாத ட்ரூமனும் இந்த முதல் வரியிலேயே நின்றுவிடுவார்கள். மேஜர் ஆகக் கேப்டன்களுக்கான உயர்பயிற்சி. லெப்டினன்ட் கர்னல் ஆகத் தலைமைப் பணியாளர் படிப்பு. முழுநேர அதிகாரி ஃபோர்ட் லெவன்வொர்த்தில் பத்து மாதம் குடும்பத்தோடு தங்கிப் படிப்பதைப் பகுதிநேரக்காரர் வாரக்கடைசி வகுப்புகளிலோ, இரவில் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்துவைத்தோ படிக்கிறார். பகலில் அவர் பள்ளி ஆசிரியர், போலீஸ்காரர், வங்கி ஊழியர். பாத்திரம் கழுவியாயிற்று, பிள்ளைகள் தூங்கியாயிற்று, அதற்கப்புறம்தான் படைநகர்த்தல். இந்த மணிகளுக்கு எந்தப் படைக்கூடத்திலும் வருகைப் பதிவேடு கிடையாது.

பரீட்சை என்ற பேச்சே ஏறக்குறைய மறைந்துவிட்டது. சட்டத்தில் மூன்று பேர் குழு இன்றும் இருக்கிறது. மேசைக்கு எதிரே இருந்த நாற்காலிதான் பெரும்பாலும் காலி. குழு பார்ப்பது கோப்பை. கென்டக்கியின் ஃபோர்ட் நாக்ஸில் கூடும் பெரிய தேர்வுக்குழுவில் ஒரு கோப்புக்குக் கிடைப்பது சில நிமிடம். படிப்புச் சான்றுகள், வகித்த பொறுப்புகள், மேலதிகாரியின் ஆண்டு மதிப்பீடுகள். மதிப்பீட்டின் மேல் கட்டத்தில் பாதிப் பேருக்கும் குறைவாகத்தான் குறிக்க முடியும் என்று விதியே உண்டு. எல்லோருக்கும் ‘மிகச் சிறந்தவர்’ பட்டம் கொடுக்கும் தாராளத்தைப் பார்த்து அலுத்துப்போய்ப் போட்ட விதியாக இருக்க வேண்டும். கேப்டனாக ஏழு ஆண்டு ஆகுமுன் கோப்பு அந்தக் குழுவுக்குப் போயாக வேண்டும். இரண்டு முறை தேறாத கேப்டன், பொதுவாக, சீருடையைக் கழற்ற வேண்டியதுதான்.

கோப்பு செய்த நன்மைகளைச் சொல்லாமல் போவது நியாயமாகாது. ட்ரூமனைப் போலக் குளிரில் நிற்க வேண்டாம். கேள்வி கேட்பவரின் அன்றைய மனநிலை ஒருவர் வாழ்க்கையைத் தீர்மானிக்க வேண்டாம். தேசியக் காவல்படையில் பெண்களுக்கு 1956-இல்தான் கதவு திறந்தது, அதுவும் செவிலியர், மருத்துவத் துறை அதிகாரிகளுக்கு மட்டும். முழுக்கத் திறக்க 1967-இன் சட்டம் வரை ஆனது. ஊர் வரிசையில் நின்று வாக்குப் போடும் வழக்கம் தொடர்ந்திருந்தால் அவர்களில் எத்தனை பேருக்குப் பின்னால் ஆள் நின்றிருக்கும்? இன்றைய மேஜர், முழுநேரப் படை மேஜருக்குப் பக்கத்தில் அதே படிப்போடு அமர்கிறார். ‘வாரக்கடைசிச் சிப்பாய்’ என்ற கேலியை அந்தப் படிப்பு கொஞ்சம் மழுக்கியிருக்கிறது.

ஆனாலும் மூன்று முறைகளில் எதை எடுப்பாய் என்று என்னைக் கேட்டால், தயக்கத்தோடு அந்த மேசையைத்தான் காட்டுவேன். வாக்கு மனிதரை மட்டும் பார்த்தது. கோப்பு மனிதரைத் தவிர மற்றதெல்லாம் பார்க்கிறது. வாசல் வந்துவிட்டது, கட்டளை நினைவில்லை, என்ன செய்வாய் என்று முகத்தைப் பார்த்துக் கேட்கக்கூடிய இடம் நடுவில் வந்த அந்த மேசை ஒன்றுதான். அங்கே தடுமாறிய குரலுக்கும் ஒரு மதிப்பெண் இருந்திருக்கும்.

கோப்பில் ஒரு காலத்தில் புகைப்படமாவது இருந்தது. சீருடையை இஸ்திரி போட்டு, பதக்கங்களை அளவெடுத்துக் குத்தி, நிமிர்ந்து நின்று எடுத்துக்கொள்ளும் படம். படம் பார்த்தால் தோலின் நிறமும் பாலினமும் மதிப்பெண்ணில் புகுந்துவிடுகின்றன என்று 2020 ஆகஸ்டிலிருந்து அமெரிக்க ராணுவம் தேர்வுக்குழுவின் பார்வையிலிருந்து அதையும் எடுத்துவிட்டது. எடுத்தது சரி என்றுதான் நினைக்கிறேன். படம் இல்லையென்றால் ஆறடி நான்கங்குலமும் ஒன்றுதான், ஐந்தடியும் ஒன்றுதான்.

தேர்வு முடிந்த பிறகும் காத்திருப்பு இருக்கிறது. பட்டியல் வாஷிங்டன் வரை ஏறி இறங்க வேண்டும். மாதக்கணக்கில் இழுக்கிறது என்பது காவல்படைக்காரர்கள் சலிக்காமல் சொல்லும் குறை. கடைசியில் ஒரு நாள் அங்கீகார ஆணை மின்னஞ்சலில் வந்து சேரும். அடுத்த கவாத்து வாரக்கடைசியில் கம்பெனியை அணிவகுக்கச் சொல்வார்கள். மனைவியோ மகளோ முன்னால் வந்து, பழைய சின்னத்தைக் கழற்றிப் புதியதைச் சீருடையில் பொருத்துவார். 1832-இல் அவருக்குப் பின்னால் போய் நின்றிருக்கக்கூடிய வரிசை இப்போது அவருக்கு எதிரே நிற்கிறது. யாரும் அவர்களிடம் எதையும் கேட்கவில்லை. சின்னம் நேராக இருக்கிறதா என்று மகள் ஒருமுறை தள்ளி நின்று பார்க்கிறாள். வரிசை மொத்தமும் கையை உயர்த்திச் சல்யூட் அடிக்கிறது.