எண் என்னும் பிரதி: கொரோனா அறிக்கைகளை வாசிப்பது குறித்து

2020-21இல் தமிழ்நாட்டு மக்கள் அன்றாடம் காத்திருந்து வாசித்த பிரதி எது என்று கேட்டால், பொதுச் சுகாதாரத் துறையின் மாலை அறிக்கை என்றுதான் சொல்வேன். ‘இன்னைக்கு எத்தனை?’ என்பது நலம் விசாரிப்பின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆனால் எண் என்றாலே அது உண்மை, வாசிப்புக்கு அப்பாற்பட்டது என்ற நம்பிக்கை நம்மிடம் இருக்கிறது. தமிழ் படித்த எனக்கு எண்ணும் ஒரு பிரதிதான். அதற்கும் காலம், இடம், மௌனம் எல்லாம் உண்டு.

முதலில் காலம். ‘இன்றைய தொற்று’ என்பது இன்று தொற்றியது அல்ல. கிருமி உடம்புக்குள் போய், சில நாள் கழித்துக் காய்ச்சல் கண்டு, மாதிரி கொடுத்து, முடிவு வந்து, பட்டியலில் ஏற ஒரு வாரம் பத்து நாள் ஆகிவிடும். சாவுக் கணக்கு இன்னும் பிந்தி வரும். எண் நிகழ்காலத்தில் பேசுகிறது. அதன் பொருளோ இறந்தகாலத்தில் கிடக்கிறது. 2021 மே 10ஆம் தேதி முழு ஊரடங்கு தொடங்கியது. அதற்குப் பிறகும் எண்ணிக்கை ஏறி, மே 21 அன்று 36,184 என்ற உச்சத்தைத் தொட்டது. ‘ஊரடங்கு போட்டும் ஏறிக்கிட்டுத்தானே இருக்கு’ என்றார்கள். பிறகு இறங்கியதற்கு ஊரடங்கு மட்டுமே காரணம் என்று இதை வைத்து நிறுவ முடியாது. ஆனால் அந்தப் பதினோரு நாள் ஏற்றத்தை வைத்து ஊரடங்கு தோற்றது என்று சொன்னது தப்பான வாசிப்பு.

அடுத்தது, எண்ணுக்குக் கீழே இருக்கும் எண். 10,000 பேரைச் சோதித்து 1,000 பேருக்குத் தொற்று என்றால் 10 சதவீதம். 50,000 பேரைச் சோதித்து அதே 1,000 என்றால் 2 சதவீதம். இரண்டும் ஒன்றல்ல. இந்த விகிதம் இரண்டு வாரமாவது 5 சதவீதத்துக்குக் கீழே நிற்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதத்தில் சொன்னது. விடுமுறை நாளில் சோதனை குறையும், மறுநாள் எண்ணும் குறையும். அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டால் வைரஸும் ஞாயிற்றுக்கிழமை லீவு எடுக்கிறது என்றாகிவிடும். ஏழு நாள் சராசரியைப் பார்ப்பது இதற்காகத்தான்.

மௌனங்கள் அறிக்கையின் பின்பக்கங்களில் இருந்தன. இறந்தவர்களுக்கு அங்கே பெயர் கிடையாது. வயது, ஆணா பெண்ணா, மாவட்டம், சேர்ந்த தேதி, இறந்த தேதி, கூடவே சர்க்கரை, இரத்த அழுத்தம். இணை நோய் உள்ளவர், இல்லாதவர் என்ற பிரிவினை மருத்துவத்துக்குத் தேவையானதே. பேச்சில் அது வேறு வேலை செய்தது. ‘அவருக்கு ஏற்கெனவே சுகராம்’ என்ற ஒரு வரியில் சாவு கிருமியின் கணக்கிலிருந்து செத்தவர் கணக்குக்கு மாற்றப்பட்டது.

கணக்கிலேயே வராத சாவுகளும் உண்டு. சென்னையில் விடுபட்டுப்போன 444 மரணங்கள் 2020 ஜூலை 22 அன்று ஒரே நாளில் சேர்க்கப்பட்டன. வரைபடத்தை மட்டும் பார்ப்பவருக்கு அது அன்றைய சாவு. 2020, 2021 இரண்டு ஆண்டுகளிலும் இந்தியாவில் வழக்கத்தைவிடக் கூடுதலாக இறந்தவர்கள் சுமார் 47 லட்சம் என்று 2022 மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அரசுக் கணக்கு சுமார் 4.8 லட்சம். அந்தக் கணக்கீட்டு முறையை இந்திய அரசு ஏற்கவில்லை. 47 லட்சமும் ஒரு மதிப்பீடுதான், எண்ணிப் பார்த்தது அல்ல. ஆனாலும் இவ்வளவு பெரிய இடைவெளியைத் தட்டச்சுப் பிழை என்று ஒதுக்கிவிட முடியாது.

பிளேக் நகரத்தில் வீடு வீடாகப் பெயர் கூப்பிட்டுப் பதிவேட்டில் குறிக்கும் முறையை, அதிகாரம் காணும் கனவாக ஃபூக்கோ 1975இல் எழுதினார். எண்ணப்படுவது கண்காணிக்கப்படுவது என்று நாமும் இங்கே எழுதிவந்தோம். பாதிதான் சரி. 2021இல் கொரோனாவில் இறந்தவர் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் என்று முடிவானபோது, அந்த நோய்தான் என்று காட்டும் ஒரு தாள் தேவைப்பட்டது. தாள் இல்லாதவர்கள், தங்கள் வீட்டுச் சாவும் இந்தக் கணக்கில் சேர்ந்ததுதான் என்று நிரூபிக்க அலைந்தார்கள். அவர்களுக்கு எண்ணப்படுவது ஓர் உரிமை. அதிகாரத்தின் எண்ணைச் சந்தேகிக்கிற நாம், அந்த எண்ணுக்குள் இடம் கேட்டு நிற்கிறவர்களையும் சேர்த்தே வாசிக்க வேண்டியிருக்கிறது.