மிசோ தொட்டியில் கிடைத்த ஐந்து துணிகள்

கொலை வழக்கில் தண்டனை பெற்ற ஒருவரை நிரபராதி என்று யாராவது சொன்னால், சட்டென்று ஒரு எதிர்க்கேள்வி வரும். கீழ்க்கோர்ட்டு, மேல்கோர்ட்டு, உச்ச நீதிமன்றம் என்று இத்தனை இடங்களில் இத்தனை நீதிபதிகள் பார்த்த வழக்கு, எல்லாருமா தவறிவிட்டார்கள்? நியாயமான கேள்விதான். ஆனால் இதற்குள் ஒரு அனுமானம் ஒளிந்திருக்கிறது. ஒவ்வொரு நீதிமன்றமும் சாட்சியத்தைப் புதிதாகச் சோதித்தது என்று நாமாகவே எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் மேல் நீதிமன்றங்களுக்குப் பெரும்பாலும் போய்ச் சேர்வது அதே ஆவணக் கட்டுதான். அந்தக் கட்டில் இல்லாத ஒன்றைப் பத்து நீதிபதிகள் பார்த்தாலும் பார்க்க முடியாது. ஜப்பானில் இவாவோ ஹகமாடா என்பவரின் வழக்கு 58 ஆண்டுகள் இழுத்து, 2024-இல் விடுதலையில் முடிந்தது. நிரபராதி என்ற வாதத்தை எந்த இடத்தில் வைத்துச் சோதிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான வழக்கு கிடைப்பது அரிது.

1966 ஜூன் 30 அதிகாலை, ஷிசுவோகா மாகாணத்தின் ஷிமிசு நகரில் மிசோ தயாரிக்கும் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் வீடு தீப்பற்றி எரிந்தது. உள்ளே அவரும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் கத்தியால் குத்தப்பட்டு இறந்து கிடந்தார்கள். மிசோ என்பது சோயாவை உப்போடு புளிக்கவைத்து மாதக்கணக்கில் ஊறப்போடும் விழுது. ஜப்பானியச் சமையலின் அடிப்படை. அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்து, அங்கேயே விடுதியில் தங்கியிருந்தவர் ஹகமாடா. அதற்கு முன் தொழில்முறைக் குத்துச்சண்டை வீரர். ஆகஸ்ட் 18 அன்று கைதானார். நாளொன்றுக்குச் சராசரியாகப் பன்னிரண்டு மணி நேரம் விசாரித்தார்கள். சிறுநீர் கழிக்கக்கூட வெளியே விடாமல், விசாரணை அறைக்குள்ளேயே பாத்திரத்தைக் கொண்டுவந்து வைத்தது வெகுகாலம் கழித்து வெளிவந்த ஒலிப்பதிவில் தெரியவந்தது. செப்டம்பர் 6 அன்று அவர் ஒப்புக்கொண்டார். நீதிமன்றத்தில் அதை மறுத்தார். மொத்தம் 45 வாக்குமூலங்கள். அவற்றில் 44-ஐ விசாரணை நீதிமன்றமே ஒதுக்கித் தள்ளிவிட்டு, அரசு வழக்கறிஞர் எழுதி வாங்கிய ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டது. குற்றமே செய்யாதவன் ஒப்புக்கொள்வானா என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

ஒப்புதலில் அவர் கொலையின்போது பைஜாமா அணிந்திருந்ததாக இருந்தது. அரசுத் தரப்பும் முதலில் அப்படியே வழக்கு நடத்தியது. ஆனால் பைஜாமாவில் நால்வரைக் குத்திக் கொன்றதற்குரிய ரத்தம் இல்லை. வழக்கு தள்ளாடிக்கொண்டிருந்தபோது, 1967 ஆகஸ்ட் 31 அன்று, கொலை நடந்து ஓராண்டு இரண்டு மாதங்கள் கழித்து, தொழிற்சாலையின் மிசோ தொட்டி ஒன்றுக்குள் சாக்குப் பையில் ஐந்து துணிகள் கிடைத்தன. காற்சட்டை, மேல்சட்டை, உள்ளாடைகள், எல்லாவற்றிலும் ரத்தக்கறை. சில நாட்களில் ஹகமாடாவின் பெற்றோர் வீட்டைச் சோதனையிட்டபோது, அந்தக் காற்சட்டையிலிருந்து வெட்டியது என்று சொல்லத்தக்க துணித்துண்டு ஒன்றும் அகப்பட்டது. அரசுத் தரப்பு பைஜாமாவை விட்டுவிட்டு இந்த ஐந்து துணிகளுக்கு மாறியது. 1968-இல் மரண தண்டனை. 1980-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது.

ஆக, தீர்ப்பு நின்றது இந்தத் தூணில். சோதிக்க வேண்டியதும் இதைத்தான். ஹகமாடாதான் ஒளித்துவைத்தார் என்றால், அந்தத் தொட்டியில் புது மிசோ கொட்டப்பட்ட 1966 ஜூலை 20-க்கு முன்பே வைத்திருக்க வேண்டும். ஆகஸ்ட் 18 முதல் அவர் சிறையில். அதாவது துணிகள் ஓராண்டுக்கு மேல் மிசோவுக்குள் ஊறியிருக்க வேண்டும். அப்படியானால் கறை என்ன நிறத்தில் இருக்கும்? எடுத்தபோது எழுதிய ஆவணங்கள் சிவப்பு என்கின்றன. உப்பும் லேசான புளிப்பும் ரத்தத்தின் சிவப்பு நிறமியைச் சிதைத்துவிடும். நாளாக ஆக அது பழுப்பேறிக் கருக்கும். ஊறுகாய் ஜாடி வைத்திருக்கும் எந்த வீட்டிலும் செய்து பார்க்கக்கூடிய சோதனை இது. 1968-இல் யாரும் செய்யவில்லை. காற்சட்டையைப் போட்டுப் பார்க்கும் சோதனை மேல்முறையீட்டில் நடந்தது. தொடைக்கு மேல் ஏறவில்லை. மிசோவில் ஊறிச் சுருங்கிவிட்டது, சிறையில் ஆள் பருத்துவிட்டார் என்று அரசுத் தரப்பில் விளக்கம் சொன்னார்கள். துணியில் இருந்த ‘பி’ என்ற குறி பெரிய அளவைக் காட்டுகிறது என்றார்கள். அது அளவே அல்ல, நிறக் குறியீடு என்று தயாரித்தவர்கள் புலனாய்வின்போதே சொல்லியிருந்தார்கள். அந்தத் தாள் பல பத்தாண்டுகள் அரசுத் தரப்பின் அலமாரியிலேயே இருந்தது.

இங்கேதான் ‘இத்தனை நீதிமன்றங்கள்’ என்ற வாதம் உடைகிறது. முதல் மறுவிசாரணை மனு 1981-இல் போடப்பட்டு, 2008-இல் உச்ச நீதிமன்றத்தில் தள்ளுபடியானது. அந்த 27 ஆண்டுகளில் மனுவைப் பார்த்த நீதிபதிகள் யாரும் சோம்பேறிகள் அல்ல. அவர்கள் முன் இருந்தது பழைய கட்டு. ஹகமாடாவின் அக்கா ஹிதேகோ 2008-இல் இரண்டாவது மனுவைப் போட்ட பிறகுதான், ஏறத்தாழ 600 சான்றுகளை அரசுத் தரப்பு வெளியே விட்டது. துணிகளை எடுத்தபோது பிடித்த வண்ணப் புகைப்படங்களும் அவற்றில் இருந்தன. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1968 தீர்ப்பை எழுதிய மூன்று நீதிபதிகளில் ஒருவரான நோரிமிச்சி குமாமோட்டோ, தான் ஹகமாடாவை நிரபராதி என்றே கருதியதாகவும், மற்ற இருவரின் முடிவுக்குக் கட்டுப்பட்டதாகவும் 2007-இல் வெளிப்படையாகச் சொன்னார். ஒருமித்த தீர்ப்பு என்று வெளியே தெரிவது உள்ளே ஒருமித்ததாக இருக்க வேண்டியதில்லை.

மறுதரப்புக்கும் இதே கடுமை வேண்டும். 2014-இல் ஷிசுவோகா மாவட்ட நீதிமன்றம் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டு ஹகமாடாவை வெளியே விட்டபோது, அது பெரிதும் நம்பியவற்றுள் ஒன்று டிஎன்ஏ சோதனை. அந்தச் சோதனை முறை நம்பத்தக்கதல்ல என்று 2018-இல் டோக்கியோ உயர் நீதிமன்றம் உத்தரவை ரத்து செய்தது. அரை நூற்றாண்டு பழைய துணியில் எடுத்த மாதிரியைப் பற்றிய அந்தச் சந்தேகத்தை ஆதாரமற்றது என்று ஒதுக்கிவிட முடியாது. 2020-இல் உச்ச நீதிமன்றமும் டிஎன்ஏவை ஏற்கவில்லை. ஆனால் கறையின் நிறத்தை மறுபடி ஆராயச் சொல்லி வழக்கைத் திருப்பி அனுப்பியது. ஐந்து நீதிபதிகளில் இருவர் அதற்குக்கூடக் காத்திருக்க வேண்டாம், உடனே மறுவிசாரணை தொடங்கலாம் என்றார்கள். அதன்பின் அரசுத் தரப்பே ரத்தம் தோய்ந்த துணிகளை ஓராண்டு இரண்டு மாதங்கள் மிசோவில் ஊறவைத்தது. 2022 நவம்பரில் நீதிபதிகள் நேரில் போய்ப் பார்த்தார்கள். 2023 மார்ச்சில், அவ்வளவு காலம் ஊறினால் சிவப்பு தங்காது என்று உயர் நீதிமன்றம் முடிவுக்கு வந்தது. டிஎன்ஏ இல்லாமலேயே தூண் சாய்ந்துவிட்டது. வலுவில்லாத வாதத்தைக் கழித்த பிறகும் ஒரு கோரிக்கை நிற்கிறது என்றால், அதன் எடை கூடத்தான் செய்கிறது.

2024 செப்டம்பர் 26 அன்று ஷிசுவோகா நீதிமன்றம் ஹகமாடாவை விடுவித்தது. ஒப்புதல் ஆவணம், ஐந்து துணிகள், பெற்றோர் வீட்டுத் துணித்துண்டு மூன்றுமே புலனாய்வுத் தரப்பின் புனைவு என்றது. மேல்முறையீடு செய்யப்போவதில்லை என்று அக்டோபரில் அறிவித்த தலைமை அரசு வழக்கறிஞர், புனைவு என்ற முடிவை மட்டும் ஏற்கவில்லை. துணிகளைத் தொட்டிக்குள் போட்ட கை யாருடையது என்று இன்றுவரை யாரும் பெயர் சொல்லவில்லை என்பதும் உண்மை. ஆனால் அதைக் கண்டுபிடித்துக் கொடுப்பது தண்டனை பெற்றவரின் பொறுப்பல்ல. நியாயமான சந்தேகம் எழுந்தால் அதன் பலன் அவருக்கே என்ற விதி மறுவிசாரணை மனுவுக்கும் பொருந்தும் என்று ஜப்பான் உச்ச நீதிமன்றம் 1975-லேயே சொல்லியிருக்கிறது.

இப்படித் தோண்டிக்கொண்டே போனால் எந்தத் தீர்ப்புக்கும் முடிவே இருக்காதே, பலியானவர்களின் உறவினர் என்ன செய்வார்கள் என்பார்கள். முடிவு வேண்டும்தான். ஆனால் இந்த வழக்கை நீட்டியது நிரபராதி என்ற கோரிக்கை அல்ல. 2014-இல் உத்தரவான மறுவிசாரணை உறுதியாக ஒன்பது ஆண்டுகள் ஆனதற்குக் காரணம், அந்த உத்தரவை எதிர்த்து முறையிட அரசுத் தரப்புக்கு இருந்த உரிமை. 600 சான்றுகள் 1968-லேயே மேசைக்கு வந்திருந்தால், வழக்கு அப்போதே ஏதோ ஒரு வழியில் முடிந்திருக்கும். வேறொருவரைத் தேடவும் அவகாசம் இருந்திருக்கும். விடுதலையானபோது ஹகமாடாவுக்கு 88 வயது, அக்காவுக்கு 91. நால்வரைக் கொன்றது யார் என்ற கேள்விக்குப் பதில் இல்லை. அந்தக் கொலைக்கு வழக்குத் தொடுக்கும் சட்டக் கெடு, ஹகமாடா மரண தண்டனைக் கைதியாக அடைபட்டிருந்த ஆண்டுகளிலேயே கடந்துபோய்விட்டது.