சங்கிலி ரம்பத்திற்கு மின்சாரச் சாணை: மலிவானது வாங்கலாமா?

விரிஞ்சிபுரத்திலிருந்து மேற்கே ஆம்பூர் வரையில் பாலாற்றங்கரையில் தென்னையும் மாவும் வைத்திருக்கும் அங்கத்தினர் பலரிடம் இப்பொழுது சங்கிலி ரம்பம் இருக்கிறது. பட்டுப்போன தென்னையைத் துண்டு போடுவதற்கும், நிலத்தில் மண்டிய சீமைக் கருவேலத்தை வெட்டுவதற்கும் அது பெரிதும் உதவுகின்றது. ஆனால், ரம்பம் வாங்கிய சில வாரங்களிலேயே சங்கிலி மழுங்கிவிடுகிறது. ஒவ்வொரு முறையும் வேலூருக்கு எடுத்துச் செல்வதாயின் ஒரு நாள் வேலை கெடும். ஆகவேதான், சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கும் சிறிய மின்சாரச் சாணையை வீட்டிற்கு வாங்கலாமா என்ற கேள்வி எழுகின்றது.

நம் பக்கத்தில் சங்கிலி விரைவில் மழுங்குவதற்குக் காரணம் உண்டு. தென்னையின் வெளிப்புறம் மிகவும் கடினமானது. அதில் மணற்சத்தாகிய சிலிக்காவும் கலந்திருப்பதால் எந்தக் கருவியின் கூரையும் தின்றுவிடும். தரையில் கிடக்கும் மரத்தை அறுக்கையில் ஓடும் சங்கிலி ஒரு நொடி மணலைத் தொட்டாலும் போதும், எல்லாப் பற்களின் முனையும் ஒருங்கே போய்விடும். கூரான சங்கிலி மரத்தைச் சீவல் சீவலாகத் தள்ளும். மழுங்கியது மாவுபோலத் தூளைக் கொட்டும். தூள் விழக் கண்டால் உடனே நிறுத்துக. அப்படியே மேலே சாய்ந்து அழுத்தி அறுப்பவரின் கை சலிக்கும், பட்டை சூடேறும், ரம்பம் துள்ளி முகத்தை நோக்கி வருவதற்கும் இடமுண்டு. கூர் தீட்டுவதைச் சிக்கனமாக மட்டும் எண்ணலாகாது. இது உயிரைப் பற்றிய காரியம்.

இன்றைய சங்கிலிப் பல்லின் வடிவத்திற்கு வழிகாட்டியது ஒரு புழு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்னும் மரம் வெட்டுபவர், 1946ஆம் ஆண்டில், கட்டைக்குள் வண்டின் புழு இடமும் வலமுமாகக் குடைந்து செல்வதைக் கூர்ந்து நோக்கினார். அதன் வாயமைப்பைப் பின்பற்றி அவர் செய்த சங்கிலி 1947இல் விற்பனைக்கு வந்தது. இடப்பல்லும் வலப்பல்லும் மாறி மாறி வருவது அதனாலேயே. இரு பக்கத்துப் பற்களும் நீளத்திலும் கோணத்திலும் ஒத்திராவிடில் ரம்பம் நேரே செல்லாமல் ஒரு பக்கம் வளைந்து ஓடும்.

மலிவான சாணையின் குறையும் இங்கேதான் வெளிப்படுகிறது. சங்கிலியைப் பற்றிப் பிடிக்கும் கவ்வி பிளாஸ்டிக்காக இருப்பின், சக்கரம் பல்லைத் தொட்டதும் அது நெகிழ்ந்து கொடுக்கும். இடப்புறம் ஒரு கோணமும் வலப்புறம் வேறொரு கோணமும் விழும். எனவே கடையில் மோட்டாரின் வேகத்தைக் கேட்பதற்கு முன் கவ்வியையும் கைப்பிடியையும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் எவ்வளவு குறைந்த விலையாயினும் வேண்டாம். உலோகக் கவ்வியும், பெரும்பாலான சங்கிலிகளுக்குரிய 30 பாகைக் குறியும், மேசையில் திருகிப் பொருத்தும் அடிப்பலகையும் இருந்தால் சிறிய மோட்டாரே வீட்டுக்குப் போதும்.

அடுத்தது சக்கரத்தின் கனம். சங்கிலியில் அடுத்தடுத்துள்ள மூன்று ரிவிட்டுகளில் முதலாவதன் நடுவிலிருந்து மூன்றாவதன் நடுவரை அளந்து இரண்டால் வகுத்தால் அதன் அளவு தெரியும். சிறு ரம்பங்களில் வரும் தாழ்ந்த பல்லுள்ள 3/8 அங்குலச் சங்கிலிக்கும், 0.325 அங்குலச் சங்கிலிக்கும் சுமார் 3.2 மில்லிமீட்டர் கனமுள்ள சக்கரம் ஏற்றது. பெரிய ரம்பத்தின் 3/8 அங்குலச் சங்கிலிக்குச் சுமார் 4.8 மில்லிமீட்டர் வேண்டும். யந்திரம் 230 வோல்ட்டுக்கு உரியதா என்பதையும், மாற்றுச் சக்கரம் உள்ளூரில் கிடைக்குமா என்பதையும் விசாரியுங்கள். 110 வோல்ட்டுக்குச் செய்யப்பட்ட வெளிநாட்டுச் சரக்கு நம் மின்சாரத்தில் நொடியில் கருகும்.

சக்கரத்தைப் பல்லின்மேல் அழுத்தி நிறுத்தலாகாது. தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும். பல் நீலம் பாய்ந்தால் எஃகின் பதம் கெட்டது என்று பொருள். அப்பல் பிறகு கூர் தாங்காது. மிகவும் தேய்ந்த பல் எதுவோ அதன் அளவுக்கே மற்றவற்றையும் கொண்டுவர வேண்டும். கண்ணாடி அணியாமல் சாணை முன் உட்காராதீர்கள். பொறி பறக்குமிடத்தில் பெட்ரோல் கேன் இருத்தல் கூடாது. பல்லுக்கு முன்னே நிற்கும் சிறு மேட்டை இச்சாணை பெரும்பாலும் தொடுவதில்லை. அது பல்லைவிடச் சுமார் 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்குமாறு தட்டை அரத்தால் தேய்ப்பது தனி வேலை.

இவ்வளவும் கூறியபின், என் அபிப்பிராயம் இது. ஒரே ரம்பம் வைத்து மாதத்தில் இரண்டொரு நாள் அறுப்பவருக்குச் சாணையே தேவையில்லை. தாழ்பல் 3/8 அங்குலச் சங்கிலிக்கு 4 மில்லிமீட்டர், 0.325 அங்குலத்திற்கு 4.8 மில்லிமீட்டர் உருண்டை அரமும், கோணம் காட்டும் சட்டமும் வாங்கினால் மிகக் குறைந்த செலவில் காரியம் முடியும். ஒவ்வொரு பல்லுக்கும் உள்ளிருந்து வெளிப்புறமாக இரண்டு மூன்று இழுப்புப் போதும். ஆணியிலோ கல்லிலோ மோதிப் பல் சிதைந்தபோதுதான் அரம் சலிக்கும், சாணை உதவும். அத்தகைய நாள் ஒருவருக்கு ஆண்டில் எத்தனை வரும்?

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் பலவற்றில் கருவிகளை வாடகைக்கு விடும் சேவை மையங்கள் உள்ளன. ஐந்தாறு பேர் ஆளுக்கொரு மலிவுச் சாணை வாங்குவதைவிட, உறுதியான ஒன்றைச் சங்கத்தில் வைத்து, பழகிய ஒருவரிடம் ஒப்படைக்கலாம். அதற்கு முன்னேற்பாடாக, ரம்பம் வைத்திருக்கும் அங்கத்தினர்கள் தத்தம் சங்கிலியின் அளவைக் குறித்துக் காரியதரிசியிடம் கொடுத்தால், எந்தக் கனமுள்ள சக்கரம் எத்தனை வேண்டும் என்பது உடனே தெரிந்துவிடும்.